நாய்க்குச் சொன்னது

ஐப்பசி, புதன் ராத்திரி.

ஒடம்பு ஓஞ்சி போச்சி. ஆனாலும் தூக்கம் வரல.

ஸ்பேனியல் குட்டி ஜிம்மிய வாங்கியாந்த அன்னிக்கே எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, "நாய்க்கு இங்கிலீஷ்லதான் சொல்லணும். சிட், ஸ்டேன்னு பழக்கு." நான்தான் கேக்கல. "திண்டிவனத்து நாய்க்கு எதுக்குங்க இங்கிலீஷு?"ன்னு வம்பு பண்ணிக்கினு தமிழ்லயே பழக்க ஆரம்பிச்சேன்.

இன்னிக்கு சாயங்காலமும் ஹால்ல பிஸ்கட்டக் கையில வச்சிக்கினு "உக்காரு, உக்காரு"ன்னு கத்தினேன். அவ்ளோ பெரிய காது இருக்கு, ஒரு வார்த்தை உள்ள போவல. வால ஆட்டிக்கினு என் காலையே சுத்துது. பேஜாரா போயி, கடைசியா ஒரு அதட்டு போட்டேன்.

பின்னால நாற்காலி கிறீச்சுன்னுது. திரும்பினா, மாமனாரு. பக்கவாதம் வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்ததுலேருந்து அவருக்குப் பேச்சு இல்ல. தெனமும் எழுந்து நிக்க வைங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. முயற்சியே பண்ண மாட்டேங்கறாருன்னு நாங்கதான் பொலம்பிக்கினு இருந்தோம்.

இன்னிக்கு அவரே கைப்பிடியப் புடிச்சிக்கினு பாதி எழுந்துட்டாரு. நான் அதட்டினதும் பொத்துனு உக்காந்துட்டாரு. உக்காந்து, சரியான்னு கேக்கற மாதிரி என் மூஞ்சியப் பாத்தாரு.

எத்தினி நாளா இப்படி உக்காந்தாரோ.

நாளையிலேருந்து ஜிம்மிக்கு சிட்டுன்னே சொல்லிக்கறேன். ஆனா, உங்களச் சொல்லல மாமா, நாயத்தான் சொன்னேன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?