பரிதி குடிக்கும் மருந்து

அன்பு மகள் செம்மொழிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், உன் முகத்தைப் போனில் பார்த்தாலும் நீ சுகமா என்று எழுதிக் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறுகிறது. சம்பா நடவு முடிந்துவிட்டது, வாய்க்காலில் தண்ணீரும் வருகிறது. உன் தம்பி பரிதி சங்கதியைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மும்பையிலிருந்து பவுடர் போதைப் பழக்கத்தோடு வந்தவன் டவுன் ஆஸ்பத்திரியில் மெத்தடோன் என்கிற மருந்தால் தேறியது உனக்குத் தெரியும். தினமும் காலையில் போய் நர்ஸ் கண்ணெதிரே அந்தச் சிரப்பைக் குடித்துவிட்டு வந்து டிராக்டர் ஓட்டுவான். நன்னிலத்தில் பெண் இருக்கிறது என்று பேச்சு வந்ததும் உன் சிங்காரவேலு மாமா ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு போதைக்கு இன்னொரு போதையா, ஆம்பளைக்கு மனத்திடம் வேண்டாமா, குடும்ப கௌரவம் என்ன ஆவது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே பேசினார். சுவரை விட்டால் விழுந்துவிடுவார், அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கூட வந்தவர்களும் அதே கடையிலிருந்து வந்தவர்கள்தான், எல்லோரும் தலையாட்டினார்கள். வெட்கப்பட்டுப் பரிதி எங்களுக்குத் தெரியாமல் மருந்தை விட்டுவிட்டான். கொட்டாவியும் வேர்வையும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டு கிடந்தவனைப் பார்த்து, விஷம் இறங்குகிறது என்று மாமா சந்தோஷப்பட்டார். பரிதிதான் என் கையைப் பிடித்து, "இனிமே தாங்காதும்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, இல்லன்னா பவுடர் விக்கிறவனத் தேடிப் போயிடுவேன்" என்றான். ஆட்டோ பிடித்து ஓடினோம். திடீரென்று நிறுத்தக் கூடாது, குறைக்க வேண்டிய காலத்தில் நாங்களே மெல்லக் குறைப்போம் என்று டாக்டரம்மா சொல்லி மருந்தை மறுபடி ஆரம்பித்தார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பரிதி தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மாமா இருமி இருமிப் பார்த்தார், அவன் நிறுத்தவில்லை. பெண்ணின் அப்பா முகம் சுருங்கியது. கலைமகள், அதுதான் பெண்ணின் பெயர், அவள்தான் வாயைத் திறந்தாள். "இவரு என்ன குடிக்கிறாரு, எவ்வளவு குடிக்கிறாருன்னு ஒரு ஆஸ்பத்திரிக்கே தெரியுது. எங்கப்பா குடிக்கிற கணக்கு எங்கம்மாவுக்கே தெரியாது. எனக்குச் சம்மதந்தான்" என்றாள். ஆம்பளைகள் எல்லோரும் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தையில் கல்யாணம், இப்போதே லீவு சொல்லி வை. நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் நீடு வாழ வேண்டும், அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. தம்பி உன்னிடம் பேசக் கூச்சப்படுகிறான், நீயே கூப்பிடு. மருந்தைப் பற்றிக் கேட்காதே, கலைமகளைப் பற்றிக் கேள், போனை வைக்கவே மாட்டான்.

உன் அம்மா,
ரெங்கம்மாள்