சேதத்துக்குக் காரணம்

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் நலமாயிருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தின் நடுவில் மீட்டிங் வராது. உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை பெரிய காற்று, கூடவே மழை. அதிலிருந்து மாடித் தையலறை ஒழுகுகிறது. எங்கே என்கிறாய்? துணி வெட்டும் மேசைக்கு நேர் மேலே. ஆஸ்பத்திரிக்காகத் தைத்து, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த வெள்ளைக் கோட்டுகளில் நான்கு போச்சு. தோளில் டீயைக் கொட்டினாற்போல் கறை. ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன். மூன்று ஓடுகள் உடைந்திருக்கின்றன. நீ வந்திருந்தபோது கண் டாக்டரிடம் போனேனே, அந்தப் புதுக் கண்ணாடி இதற்காவது உதவியது.

இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சின்ன சேதம்தானே மேடம், இதுக்குப் போய் கிளெய்ம் போடணுமா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா காலத்திலிருந்து ஒரு வருஷம் தவறாமல் கட்டுகிறோம், இதுவரை ஒரு செங்கல்லுக்குக் கூடப் போய் நின்றதில்லை. "ஒழுகுறது உங்க தலையில இல்லையே, அதான் சின்னதா தெரியுது" என்றேன். ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

வீடு நம் இருவருக்கும் பொது என்றாலும் பாலிசி உன் பெயரில் இருக்கிறது. அதனால் நீ காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். குடியிருக்கிற நான் சாட்சிக் கையெழுத்து. 'சேதத்துக்குக் காரணம்' என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன: காற்று, மழை, மரம், பிற. காற்றில் டிக் அடித்து அனுப்பு, போதும்.

உன் அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் ஃபாரமும் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். பாப்பா உன்னைக் கேட்கிறாள்.

அக்கா, கோபப்படாமல் கேள். மூன்று ஓட்டுக்குப் போய்க் கிளெய்ம் போடுவதில் அர்த்தமே இல்லை. சேதத்தில் ஒரு பங்கை முதலில் நாம்தான் போட வேண்டும், மிச்சத்தைத்தான் அவன் தருவான். மிச்சம் என்று எதுவும் இருக்காது. அடுத்த வருஷம் பிரீமியத்தையும் ஏற்றிவிடுவான். அதோடு சர்வேயர் என்று ஒருத்தனை அனுப்புவான். அவன் கூரை மேல் ஏறி, அது ஏன் இப்படி, இது ஏன் அப்படி என்று நோண்டுவான். தேவையா நமக்கு?

ஒரு தார்ப்பாயை விரித்துக் கட்டிவிடு. வேறு யாரையும் மேலே ஏற்ற வேண்டாம். ஆகஸ்டில் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய வீட்டில் நீ தனியாகக் கிடந்து அல்லாடுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றியும் நேரில் பேசலாம்.

ஃபாரம் என்னிடமே இருக்கட்டும்.

அன்புத் தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

தார்ப்பாயை விரித்துக் கட்டு, ஆனால் யாரையும் மேலே ஏற்றாதே. நன்றாக இருக்கிறதே! பிறகு யார் போய்க் கட்டுவது? ஐம்பத்து நான்கு வயதில் நான் ஏறவா, இல்லை நீ தபாலில் வந்து ஏறுகிறாயா?

கம்பெனிக்காரனே இவ்வளவு பேசவில்லை. அவனுக்காக நீ ஏன் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறாய்? கிளெய்ம் போட்டுக் கோட்டை கட்டப் போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கவாவது வேண்டாமா? "சின்ன சேதம்" என்று அந்தப் பெண் சொன்னாள், நீயும் சொல்கிறாய். நனைவது யார் மேசை?

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. உனக்கு எட்டு வயது. பந்தடித்து முன்னறை ஜன்னல் கண்ணாடியை உடைத்தாய். நம் வீட்டில் அடி கிடையாது, காகிதம்தான். யார் எதை உடைத்தாலும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாட்சியும் வாங்கிக்கொண்டு போய் அப்பாவிடம் நீட்ட வேண்டும். 'காற்று' என்று எழுதினாய். அன்றைக்கு ஓர் இலை அசையவில்லை. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அக்கா, ஒரே ஒரு கையெழுத்துக்கா" என்று அழுதாய். போட்டேன். அப்பா படித்துப் பார்த்தார், உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அடிக்காத காற்றுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அடித்த காற்றுக்கு உன்னால் போட முடியவில்லையா?

ஓடு மாற்றுகிற ஓட்டுக்காரரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் பார்த்துச் சொல்வதை எழுதுகிறேன். ஃபாரத்தைத் திருப்பி அனுப்பு.

உன் அக்கா


ஜூன் 25

அக்கா,

கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஓட்டுக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த மாதிரி ஆட்கள் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வார்கள், அவர்கள் பேச்சை நம்பாதே. ஆகஸ்டு வரை வேண்டாம், நானே அடுத்த வாரம் வருகிறேன். தயவுசெய்து அதுவரை பொறு.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

உன் கூரியர் சனிக்கிழமை வந்தது. ஓட்டுக்காரர் வெள்ளிக்கிழமையே ஏறி இறங்கிவிட்டார்.

இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, காத்துன்னா ஓடு நகரும், இல்லன்னா பறக்கும். இது நடுவுல மிதிச்சு ஒடைஞ்சது. ஒரு ஆளு இல்ல, ரெண்டு ஆளு ஏறியிருக்காங்க. காத்துக்கு முன்னாடியே ஒடைஞ்சாச்சு, மழை வந்தப்புறம்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு." நான் அவரோடு சண்டைக்குப் போனேன். என் வீட்டில் என்னைக் கேட்காமல் யார் ஏறுவது என்று கத்தினேன். கூரையோரத் தண்ணீர்க் குழாயில் கிடந்ததென்று அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். ஓர் அளவு நாடா. எனக்குத் தெரியாத நாடாவா? ஆனால் அது தையல் நாடா இல்லை. இரும்பு நாடா. உறையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 'வீடு வாங்க, விற்க, அளக்க'. கீழே போன் நம்பர்.

போட்டேன். அந்த மனிதருக்கு நாடா கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம். "உங்க தம்பி சார் வீடுதானே? மேல ஏறிப் பாத்தாதான் வெலை சொல்ல முடியும்னேன், சாரும் கூடவே ஏறினாரு. பார்ட்டி ரெடியா இருக்கு. நீங்க எப்ப காலி பண்றீங்கம்மா? ஆகஸ்டுல பண்ணிடுவாங்கன்னு சார் சொன்னாரே" என்றார்.

எப்போது காலி செய்கிறேன் என்று என்னிடமே கேட்கிறார். "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்தேன். என் வீட்டைப் பற்றி நான் யாரைக் கேட்டுச் சொல்வது?

இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்குகிறது. கண் டாக்டரிடம் கூட வா என்றேன். "நீ நிதானமா போய்ட்டு வாக்கா, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றாய். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா? நான் டாக்டர் வாசலில் கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டு, எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நீ என் தலைக்கு மேல் ஏறி நின்று அளந்துகொண்டிருந்தாய்! திரும்பி வந்ததும் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாயே. அதையும் ரசித்துக் குடித்தேன்.

விற்க வேண்டும் என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் உட்கார்ந்து பேசியிருப்பேன். பாப்பா படிப்புக்கு என்றால் நான் கல்லா? நான்கு வருஷம் அப்பாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே உனக்கு.

கிளெய்ம் போடுவதா வேண்டாமா என்று இனி யோசிக்க ஒன்றுமில்லை. கம்பெனியிடம் ஒரு காசு கேட்கப் போவதில்லை. ஆனாலும் இன்னொரு ஃபாரம் வாங்கி வந்தேன். 'பிற' என்ற கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதியிருக்கிறேன்: 'குடியிருக்கும் அக்காவை வெளியே அனுப்பிவிட்டு, தம்பி வேற்றாளுடன் ஏறி மிதித்தது.' உள்ளதுதானே? கீழே உன் கையெழுத்தைப் போட்டு எனக்கு அனுப்பு. நம் வீட்டுச் சட்டம் அது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அக்கா


ஜூலை 14

வீட்டின் இன்னொரு உரிமையாளருக்கு,

அடுத்த வாரம் வருகிறேன் என்ற நீ வரவில்லை, ஃபாரம்தான் வந்தது. கூடக் கடிதம் வைத்திருப்பாய் என்று உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

'பிற' கட்டத்தையும் நான் எழுதிய வரியையும் ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறாய். 'காற்று' கட்டத்தில் டிக். கீழே உன் ஆபீஸ் கையெழுத்து. சாட்சிக்கு நேரே எனக்குப் பென்சிலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி, இங்கே போடு என்று. யோசித்துத்தான் செய்திருக்கிறாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. எட்டு வயதில் அழுதுகொண்டாவது கேட்டாய்.

நான் போடவில்லை. அன்றைக்குப் போட்டதற்கே அப்பாவின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

நேற்று மூன்று ஓடுகளையும் மாற்றியாகிவிட்டது. இனி என் மேசை நனையாது. நாடாவை அதன் சொந்தக்காரரிடமே கொடுத்து, காலி செய்வதாக இல்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டேன். என் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது என்று வக்கீல் சொல்கிறார், உனக்கும் அது தெரிந்திருக்கும். பாப்பா எப்போது வேண்டுமானாலும் வரலாம், அவளுக்கு வாசல் திறந்திருக்கும். நீ வந்தால் மணியை அடி. உன்னிடமிருக்கும் சாவி இனி இந்தக் கதவைத் திறக்காது.

இத்துடன் எதுவும் எழுதாத ஃபாரம் ஒன்று வைத்திருக்கிறேன். கவுன்டர் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தாள். என்றைக்காவது 'பிற' கட்டத்தில் நீயே டிக் அடித்து, காரணத்தை உன் கையால் எழுதி அனுப்பு. அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்தை நான் போடுகிறேன்.

அதுவரை கடிதத்தில் அக்கா என்று எழுதாதே.

இப்படிக்கு,
வீட்டில் குடியிருப்பவர்