வாடிய கூண்டுக்குப் போட்ட எரு

டீச்சர்,

இன்று காலை உழவர் சந்தை அட்டைக்குச் சிட்டா நகல் எடுக்கத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். பழைய மெஷின். ஓடத் தொடங்கியதும் மூக்கில் ஏறும் அந்த வாசனை வந்தது. "இதுதான் ஓசோன் அக்கா. வானத்துல இருந்தா காவல்காரன், வயல்ல இருந்தா திருடன்" என்பீர்களே! கடைக்காரர் பார்க்கப் பார்க்கத் தனியாகச் சிரித்தேன்.

பள்ளியில் வேதியியல் வகுப்பு முடித்து ஸ்கூட்டரில் வீடு திரும்பும் வழியில், மாடம்பாக்கத்தில் என்னிடம் காராமணி வாங்குவீர்கள். ஒரு பங்குனியில் இலையெல்லாம் செம்புப் புள்ளி, காய் பிடிக்கவே இல்லை. மூன்று கோடையாக இதே கதை. "மண்ணு செத்துப்போச்சு அண்ணி, பிளாட் போட்டுடலாம்" என்று கொழுந்தனார் ஒற்றைக்காலில் நின்றார். கணவர் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த அரை ஏக்கர்தான்.

நீங்கள் இலையைத் திருப்பிப் பார்த்தீர்கள். அடிப்பக்கம் சுத்தம், நரம்பு பச்சை. பூச்சியுமில்லை, மண்ணுமில்லை, ரோட்டுப் புகையும் உச்சி வெயிலும் சேர்ந்து ஓசோனைக் கிளப்பிவிடுகின்றன என்றீர்கள். காற்றின் மேல் பழி போட டீச்சர் எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டேன். என் வாய் அப்படி.

சித்திரையில் பிளாஸ்டிக் தாள் சுற்றி இரண்டு கூண்டு கட்டினோம். ஒரே மண், ஒரே விதை, ஒரே தண்ணீர், கூண்டுக்கொரு சின்ன ஃபேன். ஒன்றுக்கு மட்டும் காற்று கரிப்பெட்டி வழியாகப் போகும். கரி ஓசோனைப் பிடித்துக்கொள்ளும். ஆனி வரை பொறுப்பதாகக் கொழுந்தனார் சொன்னார்.

பறித்த அன்று கரிக் கூண்டில் கொத்துக் கொத்தாகக் காய். மற்றதில் கால் கூடை தேறவில்லை. கொழுந்தனார் விடவில்லை. "இன்னா டீச்சர், நல்லா வந்ததுக்கு மட்டும் திருட்டுத்தனமா உரம் போட்டுக்கினு வித்தை காட்டுறீங்களா?"

உங்கள் முகம் சுண்டிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எரு போட்டது நான்தான்! ஆனா அந்த வாடின கூண்டுக்கு. பார்க்கப் பாவமா இருந்துச்சு, ரெண்டு தடவை ஆட்டெரு வெச்சேன்!"

"அக்கா, கெடுத்தீங்களே!" என்று தலையில் கைவைத்தீர்கள். அப்புறம் உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணா, எரு போட்டதே தோத்துப்போச்சு. போடாதது ஜெயிச்சிருக்கு. இப்பவும் மண்ணு செத்துப்போச்சுன்றீங்களா?"

கொழுந்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை டீச்சர்.

அதோடு கோடைக் காராமணியை விட்டேன். வெயில் தணிந்தால் ஓசோனும் தணியும்; கார்த்திகை மழை ஓய்ந்ததும் விதைத்தால் தை, மாசியில் கூடை நிறைகிறது. கோவிலம்பாக்கத்திலிருந்துகூட இலையும் கையுமாக வந்து கேட்கிறார்கள். செய்த தப்பைச் சபையில் சொல்லும் தைரியம் அன்று வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டு வருஷமாயிற்று நீங்கள் கண்ணை மூடி. உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். இந்த வருஷத்தைப் பார்க்காமல் போய்விட்டீர்களே! போன வாரம் கொழுந்தனார் வாசலில் வந்து நின்று, "என் பங்கையும் நீங்களே பயிர் வைங்க அண்ணி" என்றார்.

நேற்று அதிலும் விதை ஊன்றினேன். என் அரை ஏக்கர் இப்போது ஒரு ஏக்கர், டீச்சர்.