பெட்டி மட்டும் வந்த படகு

ஜூன் 2

என் வீட்டுக்காரிக்கு உன் வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதுவது.

எழுத்து கோணல்மாணலாக ஊர்வதற்கு மன்னித்துக்கொள். சில எழுத்துகள் கோட்டைத் தாண்டிக் குதித்திருக்கும். சில குப்புற விழுந்திருக்கும். காலையில் உட்கார்ந்தவன், இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஆனாலும் பக்கத்தில் யாரும் இல்லை. சத்தியமாக நானேதான்!

மாலையில் நம் சின்ன மகள் இந்தக் காட்டு ஜனங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். நானும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். "இந்த வயசுல எதுக்குப்பா?" என்று சிரித்தாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை. இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் எழுதியது அவள்தானே. நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று எழுதியிருக்கிறாள். முக்கியமானதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடக் கேட்காததில் எனக்கு அது பிடிபட்டது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள் முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம்.

மாப்பிள்ளை ஊழியத்துக்காக ஆற்றின் மேல்பக்கம் போனவர், இன்னும் திரும்பவில்லை. எறும்பு சர்க்கரையைத் தின்று முடித்து, அவருடைய பிரசங்கக் காகிதங்களில் கை வைத்திருக்கிறது. மிச்சத்தைச் சின்னவள் வாசிக்கிறாள். பிரசங்கம் சுருங்கியதில் சபையாருக்குச் சந்தோஷம்தான். சின்னவள் மாத்திரை கொடுத்தால் விழுங்கிவிட்டு "ஆமென்" என்கிறார்கள். சொல்லாவிட்டால் காய்ச்சல் இறங்காதாம்.

மழை பிடித்துவிட்டால் படகு வராது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத உன் வீட்டுக்காரன்


ஜூன் 6

அன்புள்ள அவருக்கு,

உறையைத் தபால்காரர் எதிரிலேயே பிரித்தேன். "சின்னப் புள்ள எழுதினதாம்மா?" என்று எட்டிப் பார்த்தார். "ஆமா, எங்க வீட்டுப் பெரிய புள்ள" என்றேன். சிரித்துக்கொண்டே படித்தவள், ஏழாம் மாதம் என்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பெற்றவளிடம் மறைக்க அவளுக்கு எப்படி மனம் வந்தது? பிரசவ வார்டில் ஆயாவாக நின்று ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவள் நான். என் மகளின் பிள்ளையை மட்டும் வாங்கக் கொடுத்துவைக்கவில்லை. போன முறை டாக்டரைத் தேடி ஆள் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கும் உங்கள் மாப்பிள்ளை ஊழியத்தில்தான் இருந்தார். அவர் வீட்டுப் படியை இனி மிதிக்கமாட்டேன் என்று அப்போது சொன்னேன். இன்றும் அதே பேச்சுதான்.

அடுத்த படகில் அவளை ஏற்றிக்கொண்டு வாருங்கள். முன்னறையைக் கழுவி வைத்துவிட்டேன். அவள் இல்லாமல் நீங்கள் மட்டும் வந்து என் முன்னால் நிற்க வேண்டாம். எழுத்து பரவாயில்லை. கொஞ்சம் அழுத்தாமல் எழுதுங்கள், காகிதம் கிழிந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 16

என் வீட்டுக்காரிக்கு,

ஆள் வராமல் பெட்டி மட்டும் வந்து சேர்ந்ததைப் பார்த்து உனக்கு உயிரே போயிருக்கும். பயப்படாதே. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். அந்தப் படகுக்குப் பிறகு இந்தப் படகுதான் என்பதால் முன்பே எழுத வழியில்லை.

உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். "கோள் சொல்றதுக்கா எழுத்து கத்துக்கிட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். பிறகு அழுதாள். பிறகு படகு திரும்புவதற்குள் தானாகவே பெட்டி கட்டினாள். குழந்தைக்குத் தைத்த சட்டைகளையும் வைத்தாள். படகில் ஏறி உட்கார்ந்தும்விட்டாள்.

அங்கேதான் நான் காரியத்தைக் கெடுத்தேன். நாலு பேர் வந்து ஜெபம் பண்ணி அவளை வழியனுப்பட்டும் என்று ஓடிப்போய் மணியை அடித்தேன். இங்கே ஜெபத்துக்கும் மருந்துக்கும் அந்த ஒரே மணிதான். மருந்துக்கென்று நினைத்து, கிடக்கிற நோயாளியையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கரை முழுக்க ஆள். ஒரு குழந்தைக்கு வலிப்பு வேறு.

"அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கண்ணே" என்று சின்னவள் இறங்கிவிட்டாள்.

"மேகத்தப் பாரும்மா. மழை என்ன என் மச்சானா, சொன்னா நிக்க?" என்றார் படகுக்காரர். பாவம், அவரும் முடிந்தவரை காத்திருந்தார். அப்புறம் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பெட்டியை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. சின்னவள் கரையில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்கள விட்டுட்டுப் போக முடியலப்பா. அம்மா இல்லாம பெத்துக்கவும் பயமா இருக்கு" என்றாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள். நான் எழுதிவிட்டேன்.

ஆறு ஏறுவதற்குள் இன்னும் இரண்டு நடைதான் வர முடியும் என்று படகுக்காரர் சொல்லியிருக்கிறார். நாளை வருவது ஒன்று. அடுத்த புதன்கிழமை வருவது மற்றொன்று. அதில் உனக்கு இடம் வைக்கச் சொல்லப்போகிறேன். அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வா.

படியை மிதிக்கமாட்டேன் என்றாய். இந்த வீட்டுக்குப் படியே கிடையாது. வெள்ளத்துக்குப் பயந்து உயரத்தில் கட்டி ஏணிதான் வைத்திருக்கிறார்கள். உன் பேச்சும் கெடாது. நான் கீழே நின்று பிடித்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடமிருந்து தகவல் இல்லை. வந்தால் அவரை நீ என்ன வேண்டுமானாலும் திட்டு. நான் குறுக்கே வரமாட்டேன்.

இப்போதும் தூறுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் ஆற்றைப் பார்க்கத் தோன்றுகிறது. அடுத்த வாரமும் உனக்கு ஒரு கடிதம் எழுதி, திரும்புகிற படகில் கட்டாயம் கொடுத்தனுப்புவேன். தபால்காரர் அதைக் கொண்டுவந்து தட்டும்போது நம் வீடு பூட்டியிருக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரன்