சோதனைச் சீட்டு வந்த வெள்ளிக்கிழமை

விளாங்குடி, மதுரை
2-3-1984

அன்பு மகள் ஒச்சம்மாளுக்கு அம்மா அன்னக்கொடி எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் பிலாயில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம். பொங்கலுக்குப் பிறகு உனக்குப் போட்ட இரண்டு கடிதத்திலும் சுகம் என்றுதான் எழுதியிருந்தேன், அது பொய், இன்றைக்கு எழுதுவது நிஜம். பதறாதே தாயி, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு. பெரியாஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், அந்தச் சீட்டு இன்று காலையில் வந்துவிட்டது. புற்று இல்லை. வெறும் நார்க்கட்டிதான். வீட்டுக்கு வந்ததும் கை காலைக்கூடக் கழுவாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மூன்று வருஷமாகவே எனக்குத் தீட்டு அதிகம், பத்து நாள் பன்னிரண்டு நாள் என்று போகும், வயது நாற்பத்தாறு ஆகிறது, நிற்கிற நேரத்தில் இப்படித்தான் இருக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். மார்கழியில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு குழாயடியிலேயே மயங்கி விழுந்தபோதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, சின்னத் தேங்காய் அளவுக்குக் கட்டி இருக்கிறது, எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார்கள். உனக்கு எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். அப்போது நீ பள்ளிக்கூட வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் ரயிலில் அழுதுகொண்டே வருவாய், வேலையும் போகும். அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே.

தை மாதம் ஐந்தாம் தேதி ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை, சாயங்காலம் மருந்து இறங்கிய பிறகு வலித்தது பார், உன் தம்பியைப் பெற்றபோதுகூட அப்படி வலிக்கவில்லை. வார்டில் தங்கப்பொண்ணு என்று ஒரு நர்ஸ், கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண், உன் வயதுதான் இருக்கும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு இரும வேண்டும், எழுந்திருக்கும்போது ஒருக்களித்துப் படுத்துக் கையை ஊன்றி எழ வேண்டும் என்று அவள்தான் கற்றுக்கொடுத்தாள். மறுநாளே கையைப் பிடித்து நடக்கவும் விட்டாள். தையல் வலியைவிட வயிற்றில் காற்று அடைத்துக்கொள்கிற வலி பொல்லாதது தாயி, பானை மாதிரி உப்பிவிடும், நடந்தால்தான் இறங்கும். காற்றுப் பிரிந்ததா என்று காலையில் ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுக்கொண்டு வருவாள். மூன்றாம் நாள் எனக்குப் பிரிந்துவிட்டது என்று வெட்கத்தோடு சொன்னதும் வார்டில் இருந்த ஏழு பொம்பளைகளும் சிரித்தார்கள், நானும் தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்தேன்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். துணைக்கு உன் சோலையம்மாள் அத்தை வந்திருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், விடிவதற்கு முன் எழுந்து எனக்குச் செய்யாத வேலை இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய பக்குவம். தண்ணீர் குடித்தால் தையல் புண் சீழ் பிடிக்கும் என்று சொல்லி நாளைக்கு அரைச் செம்பு தண்ணீர்தான் கொடுத்தாள், பழைய சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினாள், காலைத் தரையில் வைக்காதே, நாற்பது நாள் அசையாமல் கிட என்றாள். வலி மாத்திரை சூடு, அது புண்ணை ஆறவிடாது என்றாள். நானும் நாலு பிள்ளை பெற்றவள் இந்த வலியைத் தாங்க மாட்டேனா என்கிற வீம்பில், அப்பா எடுத்துக் கொடுக்கிற மாத்திரையை எல்லாம் விழுங்கியது போலக் காட்டித் தலையணை உறைக்குள் போட்டுவிட்டேன். வலி விடாததால் நடக்கவும் மனம் வரவில்லை, அப்படியே கிடந்தேன். நாலாம் நாள் காலையில் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது, பாதத்தை ஊன்ற முடியவில்லை. படுத்தே கிடந்தால் வீங்கத்தான் செய்யும், எண்ணெய் போட்டு நீவிவிடலாம் என்று அத்தை எண்ணெயைக் காய்ச்சிவிட்டாள்.

அந்த நேரம் அப்பா அவனியாபுரம் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் காலுக்கு அடியில் வைக்கலாம் என்று தலையணையை எடுத்து உதறினார், மாத்திரை அத்தனையும் தரையில் சிதறியது. அவர் சத்தம் போடுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கிட்டக்கூட வலிக்குதுன்னு சொல்ல மாட்டியா, அன்னக்கொடி?" என்று கேட்டார். முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. வலிக்கிறது, தாங்க முடியவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். ஒரு கால் மட்டும் வீங்கினால் நீவாமல் உடனே வர வேண்டும் என்று தங்கப்பொண்ணு வார்டு வாசலில் வைத்து அவரிடம் சொல்லியிருந்தாளாம், அது அவருக்கு நினைவு வந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டியை இறக்கச் சொல்லிவிட்டு ஓடிப் போய் டாக்ஸி பிடித்து வந்தார்.

காலில் ரத்தம் உறைந்திருக்கிறதாம். நீவியிருந்தால் அந்த ரத்தக்கட்டி பிரிந்து நெஞ்சுக்குப் போயிருக்கும், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டரம்மா சொன்னதும் அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள், அவளைத் தேற்றவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. பத்து நாள் ஊசி போட்டார்கள், வீக்கம் வடிந்தது. இப்போது நேரத்துக்குச் சாப்பிட்டு, வலி ஏறுவதற்கு முன்னாலேயே மாத்திரை போட்டுக்கொள்கிறேன், தண்ணீர் வேண்டுமட்டும் குடிக்கிறேன், தெருக்கோடி வரைக்கும் தினமும் இரண்டு நடை நடக்கிறேன். கூட நடப்பது யார் என்கிறாய், உன் அத்தைதான்.

இன்று சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "கெட்ட கட்டி இல்லம்மா, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றார்கள். அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். திரும்பி வரும்போது முன்பின் தெரியாத பஸ் கண்டக்டரிடம் என் வீட்டுக்காரிக்கு நல்ல சீட்டு வந்துவிட்டது என்று சொல்கிறார், அந்த ஆளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் ரொம்ப சந்தோஷம் அண்ணே என்றார். ஸ்டாப்பில் இறங்கி யார் கையையும் பிடிக்காமல் வீடு வரைக்கும் நானே நடந்து வந்தேன். உடம்பு அம்புட்டு லேசாக இருக்கிறது தாயி, இத்தனை வருஷமாக எதைச் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற உக்கிரபாண்டியின் மனைவி ஊருக்கு வந்தவள் போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். மாதா மாதம் நீ மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாயாம், அப்படியே பள்ளிக்கூடத்துக்கும் போகிறாயாம், கேட்டால் எங்கள் அம்மா இதைவிடத் தாங்கியவள் என்று பெருமையாகச் சொன்னாயாம். நான் தாங்கவில்லை ஒச்சம்மா, மறைத்தேன். அந்தப் பெருமை உனக்கு வேண்டாம். இந்தக் கடிதம் வந்த வாரத்திலேயே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லேடி டாக்டரிடம் காட்டு, வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல், என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது. சுகம் என்று மட்டும் எழுதிய கடிதம் வந்தால் நான் நம்ப மாட்டேன், ரயில் ஏறி வந்துவிடுவேன், இப்போது என்னால் வர முடியும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, பேரனுக்கு ஆயிரம் முத்தம். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
க. அன்னக்கொடி