உனக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது

கல்லூரியில் நாம் இருவரும் உட்காரும் அறையை இன்று திறந்ததும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை முகத்தில் வந்து அடித்தது. கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். போன வாரம் பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்துக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கப் போயிருந்தாய். "லிஃப்ட் வந்துடுச்சுடி, மேல போய்ப் பேசுறேன்" என்று போனை வைத்தாய். அடுத்து உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது பேசியது யாரோ ஓர் ஆண். மாரடைப்பு என்றார். யாருக்கு, யாருக்கு என்று அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அலுவலகங்களில் யார் தலைவராகிறார்கள், யாரை ஆகவிடுவதில்லை என்பதுதான் உன் வாழ்நாள் ஆராய்ச்சி. கச்சிபௌலியில் ஒரு நிறுவனத்தின் மேலாளர்கள், "எங்ககிட்ட எந்த பேதமும் கிடையாது மேடம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். நீ ஒன்றுதான் கேட்டாய்: "கடைசியா ஒரு சிக்கல் வந்தப்ப யார்கிட்ட யோசனை கேட்டீங்க?" ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அவர்களுள் மிகப் பெரிய குழுவை நடத்திய கவிதா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் மேசையைப் பார்த்துச் சிரித்தாள்.

நம் கல்லூரியில் உன் கதையும் அதுதானே. துறைத் தலைவர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாய். இரண்டாம் முறை, "சீனியர் பேராசிரியர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்களா?" என்று இயக்குநர் கேட்டாராம். கேன்டீனில் அதைச் சொல்லிச் சிரித்தாய்.

"விடுடி, எதுக்கு அந்த வம்பு?" என்றேன்.

சிகந்தராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நீ. கோபம் வந்தால் உன் தமிழுக்குள் இந்த ஊர் உருது வந்துவிடும். "நக்கோ, அப்படிச் சொல்லாதே. எனக்கு வேணும். வெக்கமில்லாம சொல்றேன், வேணும்."

நேற்று இரங்கல் கூட்டம். அதே இயக்குநர் மைக்கைப் பிடித்து, "மேடம் பதவியை ஒருநாளும் விரும்பியதில்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் நீ ஆசைப்பட்டதே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்!

எழுந்துவிட்டேன். "விரும்பினாங்க சார். ரெண்டு தடவை கேட்டாங்க. நீங்கதான் குடுக்கல."

"இது இரங்கல் கூட்டம், மேடம்."

"தெரியும் சார். அதனாலதான் சொல்றேன்."

அவர் மைக்கை அடுத்தவரிடம் நீட்டினார். நான் உட்கார்ந்தேன்.

கூட்டம் கலைந்ததும் உன் மகள் வந்தாள். "ஆன்ட்டி, மம்மி வீட்ல இதைச் சொன்னதே இல்ல. அன்னைக்கு அழுதாங்களா?"

"இல்லம்மா. கோபப்பட்டா."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். உன்னைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்ததையெல்லாம் கேட்க வேண்டுமாம். நிறையத்தான் இருக்கிறது. 'இருந்தாள்' என்று இறந்தகாலத்தில் உன்னைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.