அண்ணாவின் டிராகன் விளையாட்டு

மேதாவி அண்ணாவுக்கு,

நீ உருவாக்கிய விளையாட்டுப் பெட்டி தபாலில் வந்தது. அட்டையில் டிராகன் பிரமாதம். பகடையும் கையுமாகத் திரியும் உன் கூட்டாளிகள் விசிலடித்திருப்பார்கள். விதிப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தேன்.

அம்மா ஊரைவிட்டு ஓடிவந்ததைத்தானே விளையாட்டாக்கியிருக்கிறாய்? துரத்தியவர்கள் சிப்பாய்கள். அவர்களுக்கு இறக்கையும் இல்லை, வாலும் இல்லை. டிராகன் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் கோபம் வராது, பெட்டியும் நன்றாக விற்கும். கெட்டிக்காரன்தான்.

காட்டில் ஒளியும்போது பகடையில் ஆறு விழுந்தால் கைக்குழந்தை அழாதாம். வேறு எது விழுந்தாலும் அழுதுவிடுமாம், டிராகன் கொன்றுவிடுமாம். நமக்கு ஓர் அக்கா இருந்ததை, அவள் அந்தக் காட்டிலேயே போனதை, ஊருக்கு இப்படியா சொல்வாய்? வெட்கமாக இல்லை?

பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தால், அம்மா அதை மேசைமேல் விரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

"பிள்ளை பிழைக்கணும்னா இதுல என்னடி விழணும்?"

"ஆறு. அண்ணனோட பைத்தியக்காரத்தனம்மா அது, எடுத்து வை."

"நீ சும்மா இருடி, வாயாடி."

உருட்டினாள். மூன்று. மறுபடியும் உருட்டினாள், விடவே இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் ஓடிப்போய் அணைத்தேன். வந்து பார்த்தபோது ஆறு விழுந்திருந்தது. குழந்தைக் காயைக் காட்டுக்கு வெளியே நகர்த்தி, தாய்க் காயை ஒட்டி வைத்தாள்.

"சரி, அப்புறம்? இவ வளர்ந்து என்ன ஆவா?" என்று என்னைக் கேட்டாள்.

உன் புத்தகத்தில் அதற்குமேல் பக்கம் இல்லை. அம்மா காத்திருக்கிறாள். எழுதி அனுப்பு.

உன்னை இன்னும் மன்னிக்காத
தங்கை